சத்தமில்லாத வகுப்பு

ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

மே மாதம் நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டாதே. இங்கே மூவரும் நலம். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? மூன்று ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. விடிந்ததும் விடியாததுமாக எங்கேதான் கிளம்பிப் போவாயோ!

எழுத உட்கார்ந்தது ரேடியோவைப் பற்றி. என் மகளுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவள் நீ. வீட்டில் இன்னும் அப்படித்தான், பல் தேய்க்கும்போதுகூட வாயில் நுரையோடு பேசிக்கொண்டிருப்பாள். ஆனால் பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் ஒரு சொல் கிடையாது. முதல் வகுப்பில் "கூச்சம், போகப் போகச் சரியாயிடும்" என்றார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

இரண்டாம் வகுப்பில் இந்த வருஷம் புதுத் திட்டம். தினம் ஒரு பிள்ளை தலைவர். வருகை எடுப்பது, பாடத்தைத் தொடங்கி வைப்பது, கதையோ விளையாட்டோ தானே யோசித்து நடத்துவது, சண்டை வந்தால் விசாரிப்பது எல்லாம் அந்தப் பிள்ளையின் பொறுப்பு. டீச்சர் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார். கேட்டபோது எனக்கே ஆசையாக இருந்தது. நம் காலத்தில் வாயைத் திறந்தால் பெஞ்சு மேல் ஏற்றினார்கள்.

போன செவ்வாய் இவள் முறை. வகுப்பாசிரியை, ரேடியோ வைத்த பெயரில் கண்ணாடி டீச்சர், நோட்டில் எழுதி அனுப்பினார்: "பதினோரு நிமிடம் நின்றாள். பிறகு இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்." கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டா இருந்தார்? யார்மேல் கோபப்படுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

"ஏண்டி பேசல?" என்றேன்.

"எல்லாரும் இருந்தாங்க."

"இருந்தா என்ன?"

"இருந்தாங்கம்மா."

அவ்வளவுதான். அதற்குமேல் தோண்டினால் பல்லியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறாள்.

தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். வருஷம் முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு முறையாவது வாயைத் திறந்து வகுப்பை நடத்தியிருக்க வேண்டுமாம். இல்லையென்றால் மறுபடி இரண்டாம் வகுப்பு. "தண்டனைன்னு நினைக்காதீங்கம்மா. இன்னொரு வருஷம் இருந்து பழகட்டும்" என்கிறார். கூடப் படிக்கும் இருபத்தேழு பேரும் மாடியில் மூன்றாம் வகுப்புக்குப் போக, இவள் மட்டும் கீழே உட்கார்ந்திருப்பாளா? அச்சகத்தில் நாள் முழுக்க ஊரார் எழுத்தில் பிழை பார்க்கிறேன், என் வீட்டில் எங்கே பிழை என்று தெரியவில்லை.

இருபத்திரண்டு வருஷம் டீச்சராகப் பிள்ளைகளோடு இருப்பவள் நீ. ஏதாவது சொல்லு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
தங்கை


ஜூலை 2

அன்புத் தங்கைக்கு,

சுகம். முட்டி என்னைவிடச் சுறுசுறுப்பாக இருக்கிறது, மழை வருவதை முதலில் சொல்கிறது. ஃபோன் அவ்வப்போது பழுதாகிறது. எழுது. ஃபோனில் பேசினால் நம் ரேடியோ பக்கத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்.

பதினோரு நிமிடம் ஒரு குழந்தை ஓடாமல் நின்றிருக்கிறாள். எனக்கென்னவோ அது பெரிய காரியமாகப் படுகிறது.

என் வகுப்பைச் சொல்கிறேன், உதவுமா பார். நான்காம் வகுப்பு, நாற்பத்தொரு பேர். மூன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு ஏறி வந்தவர்கள். என் வகுப்பில் சத்தமே இருக்காது. கேள்வி இருந்தால் சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்டுவார்கள். பேசுகிற பிள்ளை வெளிச்சத்தில், என் முகத்தைப் பார்த்து நின்று பேசும். ஒரு நேரத்தில் ஒரு குரல்தான். இரண்டு பேருக்குச் சண்டை என்றால் மூன்றாவது ஒரு பிள்ளை இருவரையும் விசாரித்து, நடந்ததை எழுதிக்கொண்டு வரும். மணி அடித்தால் ஒரு பிள்ளை வந்து என் கையைத் தொடும். அது மணிப் பொறுப்பு. கதவுப் பொறுப்பு, தபால் பொறுப்பு, ஜன்னல் பொறுப்பு என்று ஆளுக்கொன்று அவர்களே பிரித்துக்கொண்டார்கள். நான் கத்தி ஒரு வருஷம் ஆகிறது.

ரேடியோவுக்கு முதலில் வாய் தேவைப்படாத வேலை ஒன்று கொடுக்கச் சொல். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


ஜூலை 27

அன்புள்ள அக்கா,

அனைவரும் நலம், உன் நலம் எழுது. மறுபடியும் தாமதம். பாடப்புத்தகம் அச்சுக்குப் போகும் மாதம், தலை நிமிர முடியவில்லை.

உன் கடிதத்தை நகல் எடுத்துக் கண்ணாடி டீச்சரிடம் கொடுத்தேன். பாவம், முதல் வருஷ வேலை, யார் எது சொன்னாலும் செய்து பார்க்கிறார். மறுநாளே சிலேட்டு வந்துவிட்டது. ரேடியோ சிலேட்டில் "சன்னலை மூடு, தூசி வருது" என்று எழுதித் தூக்கிக் காட்டினாளாம். ஒரு பையன் எழுந்து போய் மூடினானாம். "நான் சொன்னேன், அவன் மூடினான்மா" என்று வீட்டில் நூறு முறை சொல்லிவிட்டாள்.

இவருக்கு எல்லாமே கேலி. உன் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "இது என்ன வகுப்பு? கையைத் தொடுறது, சிலேட்டுல எழுதுறது, மூஞ்சியப் பாத்துப் பேசுறது... உங்க அக்கா காது கேக்காதவங்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்துறாங்களா?" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. உன்னிடம் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒன்று புரியவில்லை அக்கா. எழுதுகிறாள், சரி. பேசவில்லையே. இது முன்னேற்றமா, பேசாமலே இருக்க நாமே வழி செய்து கொடுக்கிறோமா? உடனே எழுது.

தங்கை


ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்கா,

நலமா? ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. நான் தாமதிப்பது வழக்கம், நீ தாமதிப்பது புதிது. தபால் தவறிவிட்டதா? ஃபோனும் அதே கதைதான்.

இங்கே உன் புகழ் பரவிவிட்டது. தலைமையாசிரியை வகுப்பை வந்து பார்த்தார். அவருக்கு ரொம்பப் பிடித்துப்போய், முழுப் பள்ளிக்கும் காலையில் ஒரு மணி நேரம் 'முகம் பார்க்கும் நேரம்' என்று வைத்துவிட்டார். யார் பேசினாலும் எல்லோரும் அசையாமல் அந்த முகத்தையே பார்க்க வேண்டும். அக்டோபரில் பெற்றோர் கூட்டம். அதில் நீ வந்து உன் முறையை விளக்க வேண்டுமாம். ஒரு மணி நேரம் பேச்சு, ஒரு மணி நேரம் கேள்வி பதில். இருநூறு பேர் வருவார்கள். ரயில் செலவைப் பள்ளியே ஏற்கும். நான் உனக்குப் பதிலாகச் சரி என்று சொல்லிவிட்டேன். தப்பா?

நீ வந்தால் ரேடியோவுக்கும் தைரியம் வரும். எனக்கும்தான்.

தங்கை


செப்டம்பர் 12

அன்புத் தங்கைக்கு,

சுகமாக இருக்கிறேன். வேலை அதிகம்.

கூட்டத்துக்கு வர இயலாது. பள்ளி ஆய்வுக்கு ஆள் வருகிற மாதம். முட்டியும் சரியில்லை. கேள்வி பதிலெல்லாம் எனக்குப் பழக்கமில்லை. என்னைப் பற்றி அங்கே யாரிடமும் எதுவும் சொல்லாதே, எழுதியும் கொடுக்காதே. நான் எழுதியது ரேடியோவுக்காக. பள்ளிக்கூடத்துக்காக இல்லை.

மாப்பிள்ளை சொன்னதைப் படித்துச் சிரித்தேன் என்று சொல்.

அக்கா


செப்டம்பர் 25

அக்கா,

நீ நலம்தானே. அப்படி எழுதியிருந்தாய், நம்பிக்கொள்கிறேன்.

கோபமாகத்தான் எழுதுகிறேன். முட்டி வலிக்கிறவள் ஜூன் மாதம் மூன்று ஞாயிறு எங்கே போயிருந்தாய்? இருபத்திரண்டு வருஷம் மேடை போட்டது மாதிரி வகுப்பில் நின்றவளுக்குக் கேள்வி பதில் பழக்கமில்லையா? வர விருப்பமில்லை என்று ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

இங்கே நிலைமை தலைகீழ். முகம் பார்க்கும் நேரம் வந்ததிலிருந்து ரேடியோவுக்குத் தினமும் காலையில் வயிற்றுவலி. மருத்துவரிடம் காட்டினோம், ஒன்றும் இல்லை என்கிறார். போன வாரம் மறுபடி அவள் முறை. ஐம்பத்தாறு கண்களும் அசையாமல் பார்க்க, இவள் சிலேட்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாளாம். சிலேட்டில் எழுதுவதும் போயிற்று. வீட்டில்கூடக் குறைவாகத்தான் பேசுகிறாள். அதே வழிமுறைதான், உன் வகுப்பில் பூக்கிறது, இங்கே கருகுகிறது. எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை.

நீ சொல்லமாட்டாய் என்பதால் வேறு வழி பார்த்தேன். கண்ணாடி டீச்சர் யோசனை. வகுப்புக்கு வகுப்பு கடிதம். "உங்கள் விதிகளை எப்படிப் போட்டீர்கள்? ஒவ்வொன்றுக்கும் காரணம் என்ன?" என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டு, ரேடியோ கையால் எழுதி, உன் வகுப்புத் தபால் பொறுப்புக்கு நேற்று அனுப்பியாயிற்று. பதில் வர எங்கள் வீட்டு விலாசம் கொடுத்திருக்கிறேன். கோபித்துக்கொள்வதாக இருந்தால் கோபித்துக்கொள்.

தங்கை


அக்டோபர் 10

இரண்டாம் வகுப்புத் தம்பி தங்கைகளுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நலமா? உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நான்காம் வகுப்புத் தபால் பொறுப்பு. வகுப்பில் எல்லோரும் சேர்ந்து சொன்னதை நான் எழுதுகிறேன். டீச்சருக்கு இந்தக் கடிதம் தெரியாது.

எங்கள் விதிகள் டீச்சர் போட்டவை இல்லை. நாங்கள் போட்டவை. மூன்றாம் வகுப்பில் இருந்தபோது டீச்சர் திடீரென்று எங்களுக்குப் பதில் சொல்லாமல் இருந்தார். கோபம் என்று நினைத்தோம். பிறகு ஜன்னல் பொறுப்பு (அப்போது அவன் ஜன்னல் பொறுப்பு இல்லை) கண்டுபிடித்தான், டீச்சர் நம்மைப் பார்க்காதபோது பேசினால் அவருக்குக் கேட்பதில்லை என்று. அதனால் பார்க்கும்போது மட்டும் பேசுகிறோம். வாய் தெரிய வேண்டும் என்பதால் வெளிச்சத்தில் நிற்கிறோம். மணி கேட்காது என்பதால் கையைத் தொடுகிறோம். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் அவருக்கு எதுவுமே புரிவதில்லை, முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். அதனால் சண்டையை எழுதிக் கொடுக்கிறோம்.

போன வாரம் பள்ளி ஆய்வுக்கு ஒரு சார் வந்தார். அவர் டீச்சருக்குப் பின்னால் நின்று நின்று கேள்வி கேட்டார். நான் டீச்சருக்கு எதிரே நின்று அதைச் சிலேட்டில் பெரிதாக எழுதிக் காட்டினேன். சார் என்னைப் பார்த்து, "என்ன பாப்பா எழுதுற?" என்றார். "குறிப்பு எடுக்கிறேன் சார்" என்றேன். கெட்டிக்காரி என்றார்.

டீச்சருக்குக் கேட்காது என்று எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்று டீச்சருக்குத் தெரியுமா என்று எங்களுக்குத் தெரியாது. நீங்களும் யாரிடமும் சொல்லாதீர்கள். சொன்னால் வேறு டீச்சர் வந்துவிடுவார்.

உங்கள் வகுப்பில் யாருக்குக் காது கேட்காது? அதை எழுதவில்லையே.

இப்படிக்கு,
தபால் பொறுப்பு


அக்டோபர் 29

அன்புள்ள அக்கா,

நலமாக இருக்கிறாயா? நன்றாகச் சாப்பிடு. இந்தக் கடிதத்தை ஐந்து முறை எழுதிக் கிழித்துவிட்டேன், இது ஆறாவது.

போன கடிதத்தில் கோபமாக எழுதியதை மறந்துவிடு. கூட்டம் முடிந்துவிட்டது. உனக்கு விடுமுறை கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். எங்கள் தெருவில் குழாய் தோண்டுகிறார்கள், ஒரே தூசி. ரேடியோவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. இவர் உன்னைக் கேட்டதாகச் சொன்னார். இரண்டு நாளாக அவர் கேலியே பேசவில்லை.

நீ பள்ளிக்கு நடந்துதானே போகிறாய்? சாலையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் நன்றாகப் பார்த்துக் கட. யாரையாவது கூட வைத்துக்கொள். கதவைத் தாழிட்டால் ஒரு சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வை.

ஒரு விஷயம் உடனே சொல்லியாக வேண்டும். இங்கே தலைமையாசிரியை என்னிடம் கேட்காமலே உங்கள் தலைமையாசிரியருக்கு எழுதிவிட்டார். உன் வகுப்பைப் பார்க்க ஐந்து ஆசிரியர்களை அனுப்பட்டுமா, ஒரு நாள் முழுக்க உன்னோடு உட்கார்ந்து பேச அனுமதிப்பாரா என்று. நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது. நான் தடுத்திருப்பேன் அக்கா. எப்படித் தடுப்பது, என்ன காரணம் சொல்வது என்றும் தெரியவில்லை. இதையெல்லாம் ஆரம்பித்து வைத்தது நான்.

பிள்ளைகளின் கடிதத்தை வகுப்பில் கொடுக்கவில்லை. என்னிடமே இருக்கிறது.

உன் தங்கை


நவம்பர் 20

அன்புத் தங்கைக்கு,

சுகம் என்றுதான் எழுதுவேன், இந்த முறை அது பாதி உண்மை.

சாலையைப் பார்த்துக் கட என்று நீ எனக்கு எழுதியதைப் படித்ததுமே உனக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். உனக்குச் சாலை கடக்கக் கற்றுக்கொடுத்தவள் நான்.

இடது காது போய் மூன்று வருஷம். வலது காதும் அதன் பின்னாலேயே கிளம்பியது. சொன்னால் வகுப்பை எடுத்துவிடுவார்கள் என்று பயம். உன்னிடம் சொன்னால் நீ அழுவாய், அழுவது எனக்குக் கேட்காது, கேட்காமல் நான் வேறு ஏதாவது பேசித் தொலைப்பேன் என்று ஒரு பயம். மாப்பிள்ளைமேல் கோபமில்லை. அவர் சரியாகச் சொல்லிவிட்டார் என்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு மாதம் பேனாவை எடுக்க முடியவில்லை.

உங்கள் தலைமையாசிரியையின் கடிதம் வந்ததும் எங்கள் தலைமையாசிரியர் கூப்பிட்டார். அவருடைய மீசை வாயை மூடியிருக்கும். ஒன்றரை வருஷமாக அவர் சொன்னதில் பாதி எனக்குத் தெரியாது, பெரிய நஷ்டமும் இல்லை. கடிதத்தை நீட்டி ஏதோ சொன்னார், முகம் மலர்ந்திருந்தது. பாராட்டுகிறார் போல. அந்தப் பாராட்டுக்குத் தலையாட்ட முடியவில்லை. ஐந்து பேரை உட்கார வைத்து அந்தப் பிள்ளைகளை நாள் முழுக்க நடிக்க வைப்பதா? "எனக்குக் காது கேட்காது சார்" என்று சொல்லிவிட்டேன். அவர் மேசையிலிருந்து பேனாவை எடுத்தார். பிறகு ஒரு தாளில் எழுதி நகர்த்தினார்: "எத்தனை நாளாக?" "ஒன்றரை வருஷம்" என்றேன். மறுபடி எழுதினார்: "தேர்ச்சி சதவீதம் ஏன் ஏறியது?" தாளை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மருத்துவக் குழு பார்க்கிறது. முடிவு வருஷக் கடைசியில். அதுவரை வகுப்பு என்னுடையது. காதுக்கு மெஷின் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது கேள், சிரிக்காதே. மெஷினைப் போட்டுக்கொண்டு முதல் நாள் வகுப்புக்குப் போனேன். ஐயோ! சந்தைக்கடை! நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், நாற்பத்தொரு வாயும் திறந்துகொள்கிறது. ஒருத்தன் பாடுகிறான். ஒருத்தி மாட்டு வைத்தியம் சொல்கிறாள். திரும்பினால் சாமியார் மடம். சத்தமே இருக்காது என்று உனக்கு எழுதினேனே, அதை நம்பி ஒரு பள்ளிக்கூடமே வாயை மூடிக்கொண்டதே!

நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. எனக்கு முடியாததை அவர்கள் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். அது பொறுப்பா, பரிதாபமா, விளையாட்டா என்று எனக்கே குழப்பம். ஒன்று மட்டும் தோன்றுகிறது. அந்த விதிகளெல்லாம் என் காதுக்கு அளவெடுத்துத் தைத்தவை. அதை ரேடியோவுக்குப் போட்டுவிட்டோம்.

அக்கா


ஜனவரி 14

அன்புள்ள அக்கா,

இரண்டு மாதம் தாமதம். மன்னிக்க நீ பழகிவிட்டாய். மெஷின் பழகிவிட்டதா? காதில் புண் வருகிறதா? மறைக்காமல் எழுது.

நவம்பரிலேயே தலைமையாசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப நாம என்னம்மா பண்ணிட்டிருக்கோம்?" என்றார். எனக்கா தெரியும்? மறுநாளிலிருந்து முகம் பார்க்கும் நேரம் இல்லை. ஆனால் வருஷக் கடைசி நிபந்தனை அப்படியே நின்றது. அதன் பிறகு தேர்வு வேலை என்பதால் ரேடியோவின் கடைசி முறை ஜனவரி ஒன்பது.

அதற்கு நடுவில் மாட்டிக்கொண்டேன். அச்சகத்துத் தாள்களுக்கு நடுவில் ஒளித்து வைத்திருந்த பிள்ளைகளின் கடிதத்தை ரேடியோ எடுத்துவிட்டாள்.

"இது எங்க வகுப்புக்கு வந்தது. நீ ஏன் வெச்சிருக்க?"

எழுத்துக் கூட்டிக் கூட்டி முழுதும் படித்தாள்.

"பெரியம்மாவுக்குக் காது கேக்காதுன்னு அவங்க விதி போட்டாங்களா?"

"ஆமாம்."

"எனக்கும் போடச் சொல்லலாமா?"

"என்ன விதிடி?"

"இரு, யோசிக்கிறேன்."

இரண்டு நாள் யோசித்தாள். வீட்டில் இரண்டு நாள் அமைதி, இவர் பயந்தே போய்விட்டார். அப்புறம் ஒரு சீட்டு எழுதிக் கண்ணாடி டீச்சரிடம் கொடுத்தாள். டீச்சர் எனக்கும் காட்டினார். "நான் பேசும்போது யாரும் என்னைப் பார்க்கக் கூடாது. எல்லாரும் திரும்பி உட்காரணும். நீங்களும்." வகுப்பில் அதைப் படித்துக் காட்டியபோது ஒரு பையன், "அவ்வளவுதானா? இத முதல்லயே சொல்லியிருக்கலாம்ல!" என்றானாம்.

ஏழு மாதம் அக்கா. "இருந்தாங்கம்மா" என்று முதல் நாளே சொன்னாள். நான் ஊரெல்லாம் கடிதம் போட்டேனே தவிர, அவளிடம் இன்னொரு முறை கேட்கவில்லை.

ஒன்பதாம் தேதி நானும் தலைமையாசிரியையும் வராந்தாவில் நின்றோம். சட்டம் எங்களுக்கும்தான். ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிரே தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி. உள்ளே இருபத்தேழு பிள்ளைகளும் பின்சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு வருகை எடுக்கும் குரல். முதல் நாலைந்து பேர் வரை நூல் மாதிரி வந்தது. பத்தாவது பேருக்கு அது எங்கள் வீட்டுக் குரலாகிவிட்டது.

"யாருடா அங்க திரும்புறது? எனக்குத் தெரியும். திரும்பினா வெளிய!"

பல்லிக்கு வால் போன கதையை ஆரம்பித்து, ஆளுக்கொரு வரி சேர்க்கச் சொன்னாள். நடுவில் அழிரப்பர் சண்டை வந்தது. விசாரணை நடத்தினாள்.

"நீ எடுத்தியா?"

"இல்ல."

"இன்னொரு தடவ சொல்லு."

"இல்ல..."

"மூஞ்சியப் பாக்காமலே தெரியுது, எடுத்திருக்க. குடுத்துடு."

தலைமையாசிரியை தொட்டியைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார். "தலைவருக்கு முதுகக் காட்டிட்டு உக்காரணும்னு எந்தத் திட்டத்துலயும் இல்லம்மா."

ஏதாவது சொல்லலாம் என்று அவர் பக்கம் திரும்பினேன்.

"திரும்பாதீங்க," என்று என் கையைப் பிடித்தார். "இன்னும் முடிக்கல."

மாலை நோட்டில் கண்ணாடி டீச்சர் எழுத்து: "முறை முடிந்தது. நாங்கள்தான் நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது." கீழே தலைமையாசிரியை கையெழுத்து. மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? ஆனால் மூன்றாம் வகுப்பில் வேறு பிள்ளைகள் கலந்து வருவார்கள். அவர்களும் திரும்பி உட்காருவார்களா? வாழ்நாள் முழுக்க யார் இவளுக்காகத் திரும்பி உட்காருவார்கள்? இவரைக் கேட்டால், "அடுத்த வருஷத்த அடுத்த வருஷம் பாரு" என்கிறார். உனக்கு ஏதாவது புரிகிறதா?

தங்கை


ஜனவரி 25

அன்புத் தங்கைக்கு,

புண் இல்லை, குடைச்சல்தான். மழைச் சத்தம் இவ்வளவு பெரிது என்பதை மறந்தே போயிருந்தேன்.

உன் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. என் விஷயமும் அப்படித்தான், ஏப்ரலில் என்னை எங்கே உட்கார வைப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளைகள் பழைய விதிகளை விடவில்லை. மெஷின் இருக்கிறது, கேட்கிறது என்று சொல்லியும் மணிப் பொறுப்பு வந்து கையைத் தொடுகிறாள். கேட்காதது மாதிரி நானும் கையைக் கொடுக்கிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள், கரும்பலகையில் வகுத்தல் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தலைமுடியை ஒதுக்குவது போல் மெஷினின் சத்தத்தை மெதுவாகக் கூட்டினேன். முதுகுக்குப் பின்னால் வழக்கமான சந்தை. அதற்குள்ளே தபால் பொறுப்பின் குரல், அடங்கி:

"ஏய், மெதுவாடா. டீச்சருக்கு இப்பக் கேக்கும்."

"கேட்டா திரும்பியிருப்பாங்கள்ல?" என்றான் ஒருவன்.

"கேட்டும் திரும்பாம இருக்காங்களோ என்னவோ," என்றான் ஜன்னல் பொறுப்பு. "சரி, நீ பாட்டுக்குப் பேசு."

கையில் சுண்ணக்கட்டி இருந்தது. கணக்கு முடிந்துவிட்டிருந்தது. அதற்குக் கீழே இன்னொரு கணக்கு எழுதினேன். அதற்கும் கீழே இன்னொன்று. பலகை நிறைந்த பிறகு, மேலே அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன்.

எல்லோருக்கும் என் அன்பு.

அக்கா